கட்டைவிரல் சொன்ன பொய்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். ஒருவர் கால் இன்னொருவர் மேல் பட்டால் ஒன்றும் தேய்ந்துவிடாது. ஒரு ஜோடி ஷூவின் கதை சொல்லப்போகிறேன். நடுவில் சிரிக்கக் கொஞ்சம் இடம் உண்டு. அதற்கப்புறம் சிரிப்பு வராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு செருப்புக்கடையில் ஒரு பெண் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். கூட இருந்தவர்கள் அவளை ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாசற்படியில் ஒருவர் ஏறும்போதே, “எட்டு. இடது கால் மட்டும் எட்டரை” என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை எடுத்து வைத்துவிடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை.

அந்தக் கடையில் ஒரு பழக்கம். எந்த ஷூவைக் காட்டினாலும் முதலில் குதிகால் பக்கம் கட்டைவிரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கிக் காட்டவேண்டும். விரல் உள்ளே இறங்கி மெதுவாக மேலே வந்தால் உசத்தி. இறங்காவிட்டால் மட்டம். “பாருங்கம்மா, பஞ்சு!” என்றால் போதும், வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். அமுக்கி அமுக்கி அவள் கட்டைவிரலே லேசாகப் பின்னால் வளைந்துபோயிருந்தது.

அப்பா அம்மா போனபிறகு அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி. வாசலில் வந்து நின்றால் கூடத்தில் இருட்டாகிவிடும், அப்படி ஓர் உடம்பு. ஜிம்மில் ஒரு மாஸ்டரிடம் பளு தூக்கப் பழகுகிறவன். துறைமுகத்தின் பளுதூக்கும் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. அணியில் இடம் கிடைத்தால் நிரந்தர வேலை. அவன் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு; அடுத்த வருடம் மனுப்போடவே முடியாது.

அவன் காலில் கிடந்ததோ ஒரு பழைய கான்வாஸ் ஷூ. அடி தட்டை, ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. சுண்டுவிரல் பக்கம் ஓட்டை. ஒரு லேஸ் அறுந்து, பார்சல் கட்டும் கயிறு போட்டிருந்தான்.

“இதைப் போட்டுக்கிட்டா அவ்வளவு பேர் முன்னாடி நிக்கப்போற?” என்றாள் அக்கா. “ஷூக்கடைக்காரி தம்பின்னு வெளிய சொல்லிடாதடா, எனக்கு வேலை போயிடும்.”

“மாஸ்டர் இதான் சரின்னாருக்கா. தூக்கறவனுக்கு அடி கெட்டியா, தட்டையா இருக்கணுமாம். தரை காலுக்குத் தெரியணுமாம்.”

“அவருக்கென்ன, அவரு பாரத்தைப் பார்க்கறவரு. பாதத்தைப் பார்க்கறது என் வேலை. பேசாம இரு.”

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு ஜோடி சும்மா கிடைக்கும். இந்த வருடம் அவள் தன் தேய்ந்த செருப்போடேயே இருந்துகொண்டு, அவனுக்காக அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினாள். ஓடுகிறவர்களுக்கான ஷூ, மேகத்தைப் பிடித்து அடியில் தைத்த மாதிரி. கட்டைவிரலை வைத்தாள். விரல் முக்கால்வாசி உள்ளே போனது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

தம்பி போட்டுப் பார்த்தான். அளவு எள்ளளவும் பிசகவில்லை. இரண்டு தரம் எம்பிப் பார்த்துவிட்டு, “மெதக்கற மாதிரி இருக்குக்கா” என்றான். அந்தச் சொல்லில் இருந்த தயக்கம் அவளுக்கு விளங்கவில்லை. அவனும் அதற்குமேல் சொல்லவில்லை. அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்லுவான்? பெட்டியோடு பத்திரமாகக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தான். அந்த நாளுக்காக எடுத்துவைக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தேர்வு நாள் காலையில் அவன் குளிக்கப்போனதும் பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே அதே ஓட்டைக் கான்வாஸ். ‘மறந்துட்டான், மடையன்’ என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள். புது ஷூவை உள்ளே வைத்தாள். பழசைத் தெருவில் போன குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டாள். வண்டி முனை திரும்பும்வரை நின்று பார்த்தாள்.

தேர்வு நடந்த கூடத்துக்குள் பயிற்சியாளர்களுக்கு அனுமதியில்லை. மாஸ்டர் வெளியே மரத்தடியில் நின்றார். அக்கா மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கீழே தம்பி பையைத் திறந்தான். ஒரு நிமிடம் அசையாமல் அப்படியே குனிந்திருந்தான். பிறகு நிமிர்ந்து, அத்தனை முகங்களுக்கு நடுவே அவளைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். அவளோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

வெறுங்காலோடு மேடை ஏறக்கூடாது என்பது விதி. அவனுடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். குனிந்து லேஸைக் கட்டினான்.

முதல் தடவை தூக்கினான். கைதட்டல். இரண்டாவது தடவை பாரத்தைத் தோளுக்கு ஏற்றி எழும்போது கொஞ்சம் ஆடினான், சமாளித்துக்கொண்டான். மூன்றாவது தடவையும் தூக்கினால் அணியில் இடம்.

பாரம் தோளுக்கு வந்தது. அடியில் குந்தியிருந்தான். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பதினோரு வருடம் கால்களையே பார்த்த அவள் கண் மட்டும் ஷூவில் இருந்தது. இடது குதிகாலின் உள்பக்கம் அமுங்கியது. இன்னும் அமுங்கியது. எந்த மென்மையைப் பார்த்துக் கண் கலங்கினாளோ, அது அந்தப் பாரத்தின் கீழே ஒரு பக்கமாக நசுங்கி, கணுக்காலைச் சாய்த்தது. கணுக்கால் முழங்காலை இழுத்தது. நடக்கப்போவது அந்தக் கூடத்தில் முதலில் தெரிந்தது அவளுக்குத்தான். “போட்டுடுடா!” என்று கத்தினாள். அவன் போடவில்லை. கடைசி வாய்ப்பு அல்லவா.

அந்தச் சத்தத்தை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். குழந்தைகளும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் அறுத்துத் தைத்தார்கள். முழங்கால் இனி பாதிக்குமேல் மடங்காது, பாரம் என்ற பேச்சே கூடாது என்றார் டாக்டர். மாஸ்டர் வந்தார். கட்டிலுக்கடியில் கிடந்த ஷூவை எடுத்து, அவரும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

“மெத்தை மேல நின்னுக்கிட்டா பாரம் தூக்குவாங்க? எத்தனை தடவைடா சொன்னேன்? யாரு போடச் சொன்னது இதை?”

தம்பி சுவரைப் பார்த்தபடி சொன்னான்: “யாரும் சொல்லலை மாஸ்டர். நான்தான் ஆசைப்பட்டுப் போட்டுக்கிட்டேன்.”

“ஷோக்கு கேட்டுதா உனக்கு?” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் போனார். அப்புறம் அவர் வரவேயில்லை.

அவர் போனபின் தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “அந்தப் பழசை எங்கக்கா வெச்ச?”

“குப்பை வண்டியில போட்டுட்டேன்டா.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அதோடு சரி. ஒருநாளாவது அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஏழெட்டு மாதம் ஓடியது. தம்பி ஜன்னலோரம் காலை நீட்டியே உட்கார்ந்திருந்தான். ஒருநாள் சாயங்காலம் கடைக்குள் மாஸ்டர் நுழைந்தார், கூடவே பளு தூக்கக் கற்றுக்கொள்கிற ஒரு பெண். வந்தவர்கள் யாரென்று கவனிக்காமல் முதலாளி அந்தப் பஞ்சு ஷூவை நீட்டினார். “ஸ்கேல், அமுக்கிக் காட்டும்மா!”

அவள் வாங்கிக் கீழே வைத்தாள். “இது ஓடறதுக்கு, முதலாளி. பாரத்துக்கு ஆகாது.” அலமாரியின் அடித்தட்டிலிருந்து தட்டையான, விரல் இறங்காத ஒன்றை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் காலடியில் வைத்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“மாஸ்டர், அன்னைக்கு அவனா ஆசைப்பட்டுப் போட்டுக்கலை. பையில மாத்தி வெச்சது நான். நீங்க சொன்ன பழசைக் குப்பையில போட்டதும் நான்தான். அவன் உங்க பேச்சைத் தட்டவே இல்லை.”

மாஸ்டர் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு, எதுவும் வாங்காமல் வெளியேறினார்.

வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. பத்து, வலது கால் மட்டும் ஒன்பதரை. உள்ளே மாஸ்டர் தரையில் உட்கார்ந்து, மடங்காத அந்தக் காலைத் தன் மடியில் வைத்திருந்தார்.

“உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்டா,” என்றார்.

“பரவாயில்லை மாஸ்டர்,” என்றவன், அடிபட்ட நாளிலிருந்து முதல் தடவையாக, அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதான்.

மாஸ்டர் போகும்போது அவளைக் கடந்துதான் போனார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய் உலை வைத்தாள். முழங்கால் மடங்கவில்லை. இன்றுவரை மடங்கவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் நடக்கிற கால்களெல்லாம் கெட்டித் தரையில் நிற்கட்டும். ஆசையாகக் கொடுக்கிற கை, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும். உங்கள் வாசலில் கழற்றிவிட்ட ஜோடிகள், ஒன்றுகூடக் குறையாமல், எல்லா நாளும் நிறைந்து கிடக்கட்டும்.