செல்வி போட்ட பட்டியல்

தாராவியில் ஹனீப் பாயின் தோல் பைப் பட்டறைக்கு மேலே ஆபீஸ். ஏறுவதற்கு ஓர் இரும்பு ஏணிதான். ஏழு மாதக் கர்ப்பிணியான ஜெபசெல்வி இன்னும் ஒரு வாரம்தான் அதில் ஏறுவாள். அதன்பின் ஆறு மாத விடுப்பு.

எந்த ஆர்டர் யாருக்கு, எப்போது என்பதெல்லாம் ஒன்பது வருடமாக அவள் தலைக்குள் இருந்தது. அதை இறக்கி வைக்க, ஹனீப்பின் தம்பி மகன் ராஹில் ஓர் இலவச வலைப்பக்கம் திறந்தான். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என மூன்று பத்திகள். எல்லோர் போனிலும் தெரியும்.

"சொல்லுங்கக்கா, ஒவ்வொண்ணா போட்டுரலாம். அப்புறம் பிந்தாஸா, கவலையில்லாம ரெஸ்ட் எடுங்க."

நாற்பத்தாறு வரிகள் சொன்னாள். எல்லாம் இதில் ஏறிவிட்டால் தன்னை எதற்குத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நடுவில் இரண்டு முறை தோன்றியது.

மறுநாள் வெள்ளோட்டம். மதியம் வரை காளிராஜ் பெயரில் இருந்த ஐந்து வேலைகளும் முதல் பத்தியை விட்டு நகரவில்லை. ராஹில் இறங்கிப் போனான். தோல் வெட்டும் மாஸ்டர் காளிராஜ் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, காலைலயே போன்ல வந்துச்சே. பாக்கலியா?"

"பாத்தேம்ல. போன் சொல்லிச்சு. நீ சொன்னியா?"

ராஹில் மூச்சிரைக்க மேலே வந்தான். "க்யா கரூன் அக்கா, என்ன செய்ய இவர வச்சுக்கிட்டு?"

அவளுக்குத் தெரியும். தினமும் பத்து மணிக்கு அரை கிளாஸ் கட்டிங் சாயோடு இறங்கி, சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் அவரிடம் வேலையைச் சொல்வாள். அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. மறதியால் அல்ல. அந்த ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று நினைத்திருந்தாள்.

பட்டியலைத் திறந்தாள். பிறகு தட்டினாள்: 'பத்து மணி. காளிராஜ் அண்ணாச்சிக்கு டீ. சாப்பிட்டாரா என்று கேட்கவும். அப்புறம் வேலை. பொறுப்பு: ராஹில்.'

அடுத்த நாள் பத்தரைக்குள் ஐந்தில் இரண்டு நடுப்பத்திக்கு வந்தன.

கடைசி நாள் மாலை ஹனீப் கேட்டார்: "என்னம்மா, மொகம் வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல பாய். எல்லாம் அதுல ஏறிட்டு. இனி நான் என்னத்துக்கு?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. "ஏணில பாத்து எறங்கு" என்றார்.

சுனாபட்டியில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் ஒலித்தது. பட்டியலில் ஒரு புது வரி.

'டிசம்பர் 2. செல்வி வருது. அதுவரை செல்வி நாற்காலியில் யாரும் உக்காரக் கூடாது. பொறுப்பு: ஹனீப்.'

ஒற்றை விரலால் தட்டியவர், அதை 'முடிந்தது' பத்தியில் போட்டிருந்தார். ஜெபசெல்வி நின்றபடியே அதை இழுத்து முதல் பத்தியில் வைத்தாள்.