இரண்டு மீற்றர்

தன் கண் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று ஜெயராஜ் ஆசைப்பட்டார். இப்படியும் ஒரு மனுஷன் ஆசைப்படுவானா என்று கேட்பீர்கள். கண் கெட்டால் வேறு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கேமரா கெட்டால் கழற்றிப் பூட்டலாம். இந்த இரண்டில் ஒன்று கெட்டிருந்தால் போதும் என்றுதான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி நினைத்துக்கொண்டு போனார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி, பெயின்ட், அளக்கிற டேப் எல்லாம் எடுத்துக் கொடுக்கிற வேலை. வீடு கலஹாப் பக்கம், தேயிலை மலையின் அடியில். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ், நடுவில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். இந்த அலுப்பான வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம் அந்தப் பழைய ஜப்பான் கேமராதான்.

அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே தனியாக ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம். அதற்குள் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம் தெரியும், அந்தக் கட்டத்துக்குள் மட்டும் எதுவும் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவாக விழும். எவ்வளவு தூரத்தில் ஒன்றானது என்று வளையத்தில் எழுதியிருக்கிற இலக்கம் சொல்லும்.

பஸ்ஸில் குலுங்குகிற பழைய கேமரா கணக்குத் தப்பும் என்று சொன்னது மஹ்மூத் நானா. கட்டுகஸ்தோட்டையில் பழைய ரேடியோ, கேமரா, போன் எல்லாம் வாங்கி விற்கிறவர். "வீட்டுல தூரம் தெரிஞ்ச ஒரு எடத்த நிரந்தரமா வச்சிக்கங்க. வாரத்துக்கு ஒருக்கா பாருங்க," என்றார். ஜெயராஜும் சமைக்கிற குசினியின் ஜன்னல் கட்டையில் இரண்டு ஆணி அடித்து, கேமரா அசையாமல் உட்கார ஓர் இடம் பண்ணினார். ஜன்னலுக்கு நேர் எதிரே, வீட்டுக்கும் மலைக்கும் நடுவில், மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்லுக்கட்டு. அதில் ஒரு வெள்ளைக் கோடு. கேமராவிலிருந்து அந்தக் கோட்டுக்குச் சரியாக இரண்டு மீற்றர். கடை டேப்பால் அவரே அளந்தது.

அந்தக் கோட்டுக்கும் ஒரு கதை உண்டு. பெருமழையில் மேல் மலை சரிந்தபோது, அந்த வீட்டு வரிசையில் இருந்த எல்லாரும் உடுத்த துணியோடு இறங்கி ஓடினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் ஐம்பத்து மூன்று நாள். சீமெந்துத் தரையில் பாயை விரித்து, முப்பது குடும்பத்தின் இருமலைக் கேட்டபடி படுத்த நாட்கள் அவை. பிறகு யாரோ அதிகாரிகள் வந்து மலையைப் பார்த்தார்கள், கல்லுக்கட்டைத் தட்டிப் பார்த்தார்கள், பெயின்டால் ஒரு கோடு போட்டார்கள், இனிப் போய் இருக்கலாம் என்று கடுதாசி கொடுத்தார்கள். திரும்பி வந்த அன்றைக்கே ஜெயராஜ் சுத்தியலை எடுத்து அந்த ஆணிகளை அடித்தார். சொந்த வீட்டில் ஆணி அடிக்கிற சத்தம் அவருக்கு அவ்வளவு இனித்தது.

மூன்று மாதம் எல்லாம் சரியாக இருந்தது. வளையத்தை இரண்டில் வைத்தால் இரண்டு கோடும் ஒன்றாக நிற்கும். போன மாதத்திலிருந்துதான் வினை. வளையம் இரண்டில் நிற்கிறது, கோடு இரண்டாக நிற்கிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனார். நானா தன் கடைக் கதவு நிலைக்கு நேரே டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கேமரா சரியா ஈக்கி. உங்கட கண்ணத்தான் காட்டணும்," என்றார்.

கண்ணைக் காட்டினார். ஒரு நாள் லீவு போட்டு, விடியக் காலையில் வரிசையில் நின்று இலக்கம் எடுத்து, புதுக் கண்ணாடியும் வாங்கினார். பத்திரிகை எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி அழகாகத் தெரிந்தது. ஜன்னலில் மட்டும் கோடு இரண்டு.

அந்தச் சனிக்கிழமை நானா மேசை லாச்சியைக் கிளறி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு குட்டிப் பூதக்கண்ணாடியை எடுத்தார். கேமராவின் பார்க்கிற துவாரத்தில் பூட்டுகிறது. வேறு கேமராவுக்குச் செய்தது, ஆனாலும் ஒரு றப்பர் வளையத்தைச் செருகி இறுக்கிவிட்டார். "வயசுபோன கண்ணுக்கு இது நல்லம். ஓரமெல்லாம் தெரியாது, படத்துல யாருட கையாவது வெட்டுப்படும். ஆனா நடுவுல உள்ளது பெருசாத் தெரியும். பாருங்க."

ஜெயராஜ் கதவு நிலையைப் பார்த்தார். மஞ்சள் கட்டம் பெரிதாகக் கண்ணுக்குள் வந்து நின்றது. நானா டேப்பைப் பிடித்தார். இரண்டு மீற்றர், வளையத்திலும் இரண்டு. கதவு நிலை ஒற்றைக் கோடாக, கத்தியால் கீறியது போல நின்றது. மூன்று தரம் வளையத்தைக் கலைத்துவிட்டுப் பார்த்தார். மூன்று தரமும் இரண்டில்தான் வந்து ஒன்றானது.

"அப்ப கண்ணும் சரி, கேமராவும் சரி," என்றார் நானா. பிறகு சிரித்தார். "உங்கட செவருதான் நடந்து வருது போல."

ஜெயராஜும் கூடவே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நானாவும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "அல்லாஹ் பாதுகாக்கணும். நான் சும்மா சொன்ன," என்றார் மெதுவாக.

கலஹா பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் ஜெயராஜுக்கு உடம்பு தளரவில்லை. சுவரைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? பன்னிரண்டு வருஷமாக டேப் விற்கிறார், அந்தக் கோட்டை மறுபடி ஒரு தரம் அளந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இல்லை, தோன்றவிடவில்லை என்பதுதான் உண்மை. குசினிக் கதவு மூட மாட்டேன் என்கிறது என்று மனைவி ஞானேஸ்வரி சொன்னபோது, மழை ஈரத்துக்குப் பலகை ஊதியிருக்கும் என்று அடிப்பக்கத்தைச் சீவிக் கொடுத்தவரும் அவர்தான்.

வீட்டுக்கு வரும்போது ஐந்தரை. மலைக்கு மேல் மழை கூடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றாமல் நேரே குசினிக்குப் போய், கேமராவை ஆணிகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். வெள்ளைக் கோடு இரண்டாக நின்றது. இத்தனை நாளும் மயிரிழையாகத் தெரிந்த இடைவெளி, பூதக்கண்ணாடியில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தெரிந்தது.

பையிலிருந்து டேப்பை எடுத்தார். கேமராவிலிருந்து கோடு வரை நீட்டிப் பிடித்தார். நூற்றுத் தொண்ணூற்று மூன்று சென்டிமீற்றர். இன்னொரு தரம் பிடித்தார். அதேதான்.

அப்படியே ஜன்னலில் சாய்ந்து நின்றார். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அலுப்பு, எலும்புக்குள் இருக்கிற அலுப்பு. மறுபடி அந்த மண்டபம், அந்தச் சீமெந்துத் தரை, காலையில் கக்கூசுக்கு வரிசை, அரசாங்கக் கந்தோரில் கடுதாசி, கந்தோர்க்காரர் மூஞ்சி. ஐயோ, இன்னொரு தரம் என்னால் ஏலாது என்று வாய்விட்டே சொன்னார். வளையத்தை ஒரு நூல் திருப்பினால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். திருப்பியும் பார்த்தார். ஒன்றானது. எவ்வளவு சுலபம்! யாருக்கும் தெரியாது. மழை வந்தால் வரும், போனால் போகும். சுவர் இத்தனை நாள் நிற்கவில்லையா?

உள் அறையில் ஞானேஸ்வரி கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வளையல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. வளையத்தை மறுபடி இரண்டுக்குத் திருப்பி வைத்தார்.

"ஞானம், இங்க கொஞ்சம் வா."

"கையெல்லாம் மாவா இருக்குங்க."

"பரவால்ல, வா. இதுக்குள்ள பாரு. என்னா தெரியுது?"

அவள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "கோடு தெரியுது. ரெண்டு கோடு."

"ஒண்ணுதான் தெரியணும்."

"அப்ப கேமராவுல ஏதோ..."

"கேமராவுல இல்ல. என் கண்ணுலயும் இல்ல. நம்ம கல்லுக்கட்டு ஏழு சென்டிமீற்றர் வீட்டுப் பக்கம் வந்திருக்கு. இப்பத்தான் அளந்தேன்."

திட்டுவாள், அழுவாள், இந்த வயசில் எங்கே போறது என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் இன்னும் ஒரு நிமிஷம் அந்தத் துவாரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, மாவுக் கையைக் கழுவி, அடுப்பை அணைத்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலைத் தட்டி, "பேச்சியம்மாக்கா, கல்லுக்கட்டு நகருது. புள்ளைகள கூட்டிக்கிட்டு உடனே எறங்குங்க. அங்கிட்டு வீட்டுலயும் சொல்லிருங்க," என்று சத்தம் போட்டாள். திரும்பி அறைக்குள் போய்க் கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

ஜெயராஜ் பின்னாலேயே போனார். அவள் இரண்டு பைகளையும் ஒரு பெரிய மூட்டையையும் இழுத்துப் போட்டாள். மூட்டை நீலக் கம்பளியில் கட்டியிருந்தது. இத்தனை நாள் குளிருக்குத் தேடித் தேடிக் கேட்டபோதெல்லாம், எங்கயாவது கெடக்கும் என்று அவள் சொன்ன அதே கம்பளி. முடிச்சின் மேல், பள்ளிக்கூடத்தில் குடும்ப இலக்கம் எழுதி ஒட்டிய கடுதாசி அப்படியே இருந்தது.

"இத எப்ப கட்டுன?"

"எங்க கட்டுனேன்? அங்கருந்து வந்தப்புறம் அவுக்கவே இல்ல."

"ஏன் ஞானம் சொல்லல?"

ஞானேஸ்வரி அவரைப் பார்க்காமல் முடிச்சை இறுக்கினாள்.

"வந்த அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா ஆணி அடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

வெளியே முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. ஜெயராஜ் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குனிந்து மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.