தெருவில் இருந்தால் குப்பை

என்ன வேலை பார்க்கிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்டால், குப்பை பொறுக்குகிறேன் என்பேன். அதோடு கல்யாணப் பேச்சு நின்றுவிடும், அது ஒரு லாபம். சொல்வதில் பொய்யும் இல்லை. கடல் தாண்டி ஒரு பணக்கார நாட்டில் குப்பை அள்ள ஆள் கிடைக்காமல், தானே பார்த்துத் தானே அள்ளிக்கொள்ளும் லாரியைச் செய்தார்கள். லாரிக்குக் கண் வைத்தாயிற்று. எது குப்பை என்கிற புத்தியை யாராவது புகட்ட வேண்டுமே, அதற்கு எங்களைப் பிடித்தார்கள்.

அந்த நாட்டுத் தெருக்களின் படங்கள் எங்கள் திரைக்கு வரும். ஒவ்வொரு பொருளையும் சுற்றி மவுஸால் ஒரு கட்டம் இழுத்து, குப்பை, குப்பை இல்லை, மனிதர் என்ற மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். நடுநடுவே விடை தெரிந்த படங்களைக் கலந்து வைத்திருப்பார்கள், அவற்றை வைத்து எங்களுக்கு மார்க். மற்றதெல்லாம் நாங்கள் சொன்னது சொன்னபடி லாரியின் மண்டைக்குள் போய்விடும். மார்க் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இதையே நாள் முழுக்கச் சொல்லித் திரிந்த மேற்பார்வையாளருக்குத் தொண்ணூற்றைந்து என்றே பெயர் வைத்திருந்தோம்.

ஹாலில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் எனக்கு அடுத்த நாற்காலி. அவள் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், நடைபாதையில் ஒரு குடையை நட்டு, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, ரேடியோ எல்லாம் பழுது பார்ப்பவர். டயர் கடைக்கு மேலே இருந்த எங்கள் ஹாலில் ஓடும் விசிறிகூட அவர் கைபட்டதுதான். மழை பெய்தால் அவருக்கு விடுமுறை. மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்திருந்தார்கள். நடைபாதைத் தொழிலை நம்பி அந்தப் படிப்பை முடிக்க முடியாது, அக்காவுக்கு இந்த வேலை நிரந்தரமாக வேண்டும். இது ஹாலில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அக்கா தினமும் சொல்வாள்.

ஆனால் மார்க் ஏறவில்லை. தெருவோரத்தில் ஒரு பச்சை சோபா கிடக்கும். அக்கா குப்பை இல்லை என்று அழுத்துவாள். திரை சிவப்பாகும்.

"இதுல என்ன குறை? ஒரு தையல் போட்டா பத்து வருஷம் வரும்," என்பாள் என்னிடம்.

குழந்தை சைக்கிள், பூட்டு கழன்ற சூட்கேஸ், காம்பு வளைந்த மேசை விளக்கு, எல்லாவற்றுக்கும் அதே கதை. விசிறி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், என்ன மாற்றினால் ஓடும் என்று எனக்குப் பாடம் நடக்கும். அவளைக் குறை சொல்லவும் முடியாது. நாங்களும் முதல் மாதம் அப்படித்தான் சிவந்தோம். நல்ல மெத்தையைத் தெருவில் போடுகிறவர்களை எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை.

கடைசியில் தொண்ணூற்றைந்து அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, அது நல்லா இருக்கா இல்லையான்னு நம்மகிட்ட யாரும் கேக்கல. வீட்டுக்குள்ள இருந்தா பொருள். தெருவுல இருந்தா குப்பை. அவ்ளோதான்."

"தெருவுல இருந்தா குப்பையா? அப்போ எங்க வீட்டுக்காரர் என்ன தம்பி?"

ஹாலே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் கண் மாறியது. பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அது இருக்கும் இடத்தைப் பார்த்தாள். ஒரு நாள் பியானோ ஒன்றைக் கண் இமைக்காமல் குப்பை என்று அழுத்தியதை நானே பார்த்தேன். மார்க் தொண்ணூற்றேழு. வேலை நிரந்தரமானது. மகளின் முதல் வருடம் ஒழுங்காக முடிந்தது.

அடுத்த வருடம் அந்த நாடு புது லாரி வாங்கிக்கொண்டது. பழைய லாரிகளை வீணாக்காமல், முன்னேறும் நாடுகளுக்கு உதவி என்று எங்கள் நகராட்சிக்கு அனுப்பி வைத்தார்கள். கிடைத்தவரை லாபம் என்று இவர்களும் ரிப்பன் வெட்டி வாங்கிக்கொண்டார்கள். அந்த லாரிகளின் மண்டைக்குள் இருந்தது எங்கள் புத்தி.

இரண்டாம் நாளே ஒரு லாரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் நுழைந்தது. முடிவெட்டுபவரின் நாற்காலியை எடுத்தது. செருப்பு தைப்பவரின் பெட்டியை எடுத்தது. அக்காவின் ரிப்பேர்க்காரர் முனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவருடைய ஸ்டூல் அந்தரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த விசிறிகள் ஏற்கெனவே உள்ளே நொறுங்கிக்கொண்டிருந்தன. அவர் ஓடிப்போய் டிரைவர் கதவைத் தட்டினார்.

"அதுவா எடுக்குதுங்க," என்றார் டிரைவர். "நான் ஓட்ட மட்டும்தான்."

மறுநாள் அக்கா கம்ப்யூட்டரைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என் ஸ்டூலைக் குப்பைன்னு இதுக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். நான்தான்னேன். நான் விளையாடுறேன்னு நெனச்சு சிரிக்கிறார்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் சூனியம் வைத்தவளுக்கு எடுக்கவும் தெரியும். மனிதர் என்று நாங்கள் கட்டம் போட்ட எதையும் லாரி தொடாது. அதை அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். அடுத்த முறை லாரி வந்தபோது ரிப்பேர்க்காரர் புது ஸ்டூலில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். விசிறிகளைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். லாரி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

தெரு முழுக்கச் செய்தி பரவியது. லாரிச் சத்தம் கேட்டால் போதும், அவரவர் பொருள்மேல் அவரவர் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். முடிவெட்டுபவர் தன் நாற்காலியில் தானே வாடிக்கையாளரானார். பழக்காரம்மா கூடையைக் கட்டிக்கொண்டாள். மெத்தைக் கடைக்காரர் மெத்தையில் படுத்தார், கரும்பு தின்னக் கூலியா என்று கேட்டுக்கொண்டே. லாரி காலியாகத் திரும்பியது. எங்கள் ஊரில் லாரி வேலை செய்யவில்லை என்று கடல் தாண்டிப் புகார் போயிற்று.

கொஞ்ச நாளில் எங்களுக்குப் புதுப் படங்கள் வந்தன. தொண்ணூற்றைந்து எழுந்து நின்று, கூடவே வந்த உத்தரவைப் படித்தார்.

"புது ஊர்ப் படம். குப்பை மேல ஆளுங்க உக்காந்திருப்பாங்க. ஆளைத் தனியா கட்டம் போடுங்க, கீழ இருக்கறதைக் குப்பைன்னு போடுங்க. இனிமே லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கும், ஆள் எழுந்ததும் எடுத்துக்கும்."

புது ஊர் என்று எங்கள் ஊரைத்தான் சொன்னார். பின்தெருப் படங்கள் அக்காவுக்கு வந்திருந்தன. நான் எட்டிப் பார்த்தேன். குடை, அதன் கீழே அவள் கணவர், காலடியில் விசிறிகள். லாரியை நேராக முறைத்துக்கொண்டிருந்தார்.

"பட்டன்கூடப் போடாம உக்காந்திருக்கார் பாரு," என்றாள்.

பிறகு மவுஸைக் குடையின் உச்சிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து இழுத்தாள். குடை, ஆள், ஸ்டூல், விசிறிகள், ஸ்குரூ டிரைவர் போட்ட டப்பா, எல்லாம் ஒரே கட்டத்துக்குள் வந்தன. மனிதர் என்று அழுத்தினாள். கட்டம் மிகப் பெரிது, உறுதிதானா என்று திரை கேட்டது. ஆம் என்றாள். அடுத்த படம் முடிவெட்டுபவர். ஆள், நாற்காலி, சுவரில் மாட்டிய கண்ணாடி, ஒரே கட்டம், மனிதர். தெருவில் ஒருவரையும் விடவில்லை.

மார்க் சரிந்தது. தொண்ணூற்றைந்து வந்து பின்னால் நின்றார்.

"என்ன அக்கா இது?"

"ஆளு தம்பி."

"ஒரு ஆளு இவ்ளோ பெரிசா?"

"இதுல எதை எடுத்தாலும் அவர் பாதி ஆள்தான்."

அவர் கெட்டவர் இல்லை. அவள் அந்தத் தெருப் படங்களை முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வாரக் கடைசியில் அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

இப்போது அக்கா கணவரின் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டு இஸ்திரிப்பெட்டி பிரிக்கிறாள். மகள் இந்த வருடம் படிக்கப் போகவில்லை. ரிப்பேர்க்காரர் டீ குடிக்கப் போனால், லாரி அவருடைய காலி ஸ்டூலுக்கு முன்னால் கொஞ்சம் நின்று, ஒதுங்கிப் போகிறது.

நேற்று அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எங்களுக்கு வந்திருக்கும் புது வேலையைச் சொன்னேன், அவள் கட்டங்களைப் பிரித்துத் திருத்துகிற வேலை. அவள் போட்ட கட்டங்கள் அந்த நாட்டுப் புது லாரிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. அங்கே தெருவில் எறிந்த சோபாக்களுக்கு முன்னால், அதுவும் ஒரு ஆள் என்று நினைத்து, ஒரு மரியாதைக்கு, லாரிகள் நகராமல் நிற்கின்றன. பின்னால் கார்கள் ஒரு மைலுக்கு நிற்கின்றன.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நிக்கட்டும்," என்றாள். பிறகு அடுத்த இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.