கீழ்க்குரலின் அறுபத்துநான்கு எண்கள்

“புரோகிராம் ஓடுதா, ஓடலியா? அதை மட்டும் சொல்லு!”

“ஓடுது அண்ணி, யாரு இல்லேன்னா? ஆனா நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“மூணு மாசம் எல்குஜா! ஒவ்வொரு சுரமா அளந்து...”

“...காதுலதான் வாங்குங்களேன்!”

லாமரா கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல்தான் உயர்ந்ததே தவிர, உள்ளே கோபமென்று எதுவும் இல்லை. அவள் புருஷன் நோதார் போன பிறகு எதுவுமே அப்படித்தான்.

நாளை அவர் இறந்து ஒரு வருஷம், நினைவு விருந்து. அவர்கள் வழக்கப்படி விருந்தில் மூன்று குரலில் பாட வேண்டும். அந்த வீட்டில் கொழுந்தன் எல்குஜா தொடங்குவான், லாமரா மேலே போவாள், நோதார் கீழே தாங்குவார். கீழ்க்குரல் இல்லாமல் பாட்டே கிடையாது. அதற்காகவே அவள் நூலகத்துக் கணினி வகுப்பில் சேர்ந்தாள். பழைய ஒலிப்பதிவிலிருந்து நோதாரின் குரலை அளந்து, சுரத்துக்கு ஒரு வரியாக அறுபத்துநான்கு எண்களை எழுதி வைத்தாள். கணினி அப்படியே முனகியது.

“நாப்பது வருஷமா பாடுறேன். எங்க தொடங்குறேன்னு எனக்கே தெரியாது. அன்னைக்குத் தொண்டை எங்க நிக்குதோ அதான் சுருதி. அண்ணன் வந்து அடியில உக்காந்துக்குவார். இந்தப் பெட்டி என்னடான்னா, ‘நீ என்கிட்ட வா’ன்னு சொல்லுது.”

“பதிவுல தொடங்கின இடத்துலயே தொடங்கேன்.”

“அப்ப எனக்குப் பல்லெல்லாம் இருந்துச்சு அண்ணி.”

வகுப்பெடுக்கும் பெண்ணும் இதையேதான் சொல்லியிருந்தாள். வேலை செய்கிறது, ஆனால் அமைப்பு சரியில்லை. தொடக்க சுரத்தை மட்டும் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று எழுதுங்கள் என்றாள். பாடுகிறவரின் முதல் சுரத்தைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளும் நாலு வரியையும் எழுதிக் கொடுத்தாள். லாமரா தலையாட்டிவிட்டு வந்து அதைத் தொடவே இல்லை. அந்த எண்கள் நோதாரின் தொண்டையிலிருந்து வந்தவை. அழித்தால் வெறும் படிக்கட்டுதான் மிஞ்சும்.

இப்போது உட்கார்ந்து அந்த நாலு வரியைச் சேர்த்துவிட்டு, எண்களை ஒவ்வொன்றாக அழித்து மாற்றி எழுதினாள். பத்தாவதில் அழுகை வரும் என்று நினைத்தாள். முப்பதாவதிலும் வரவில்லை. அடுப்பில் பீன்ஸ் அடிபிடிக்கும் வாசனைதான் வந்தது. எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“இங்க எதுக்கு இவ்வளவு இடைவெளி?” எல்குஜா திரையில் விரலை வைத்தான்.

“உங்க அண்ணன் ஒயின் கிளாஸைக் கீழ வெச்சுட்டு வர்ற நேரம்.”

“அது பாட்டுல இல்லியே.”

“எடுத்துடவா?”

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “கிடக்கட்டும். மனுஷன் என்னைக்கு நேரத்துக்கு வந்தாரு?”

அறுபத்துநான்கும் முடிந்தது. எல்குஜா தொண்டையைக் கனைத்துத் தொடங்கினான். பதிவில் இருந்ததைவிட வெகு தாழ்வாக, கரகரவென்று. கணினி ஒரு கணம் கேட்டது. பிறகு அவன் குரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. இம்மி பிசகவில்லை. நோதார் ஒரு நாளும் இவ்வளவு கீழே பாடியதில்லை.

எல்குஜாவின் கன்னத்தில் நீர் இறங்கியது, பாட்டை விடவில்லை. மேல்குரல் நுழைய வேண்டிய இடம் வந்தது, போயிற்று. இரண்டாம் முறையும் வந்து போயிற்று. லாமரா விசைப்பலகைமேல் கையை வைத்தபடி, அந்தக் குரலில் நோதாரைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் நிறுத்தினான். கணினி மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய் முடித்தது.

“எல்லாம் சேருது அண்ணி. நீங்க ஏன் பாடல?”