கண்ணாடி உடையவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது திருடிய கதை. ஒரு தொலைபேசிப் பேச்சிலிருந்து திருடினேன். "இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்" என்று ஒரு குரல் சொல்லுமே, கேட்டுக் கேட்டு உங்களுக்கும் சலித்திருக்கும். அப்படிப் பதிவான அழைப்பு. பேசியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மொகாடி லெட்வாபா, மாமெலோடியில் பாரிட்டோன் என்கிற கனத்த சாக்ஸபோன் வாசிப்பவள். இன்னொருவன் நான், லெசிபா. பிரிட்டோரியாவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கிறவன். இருபத்திரண்டு வருஷமாகப் பொய் கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

என்னுடையது இசைக்கருவிப் பிரிவு. கிடார், கீபோர்டு, தேவாலயத்து டிரம் செட், கச்சேரிக்குப் போன ஸ்பீக்கர் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். நீச்சல் குளத்தில் விழுந்த கிடார்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் நீச்சல் குளம்தான் இருக்காது.

மனுவில் பதினான்காவது கேள்வி இது: வாகனம் பலவந்தமாகத் திறக்கப்பட்டதற்கான அடையாளம் உண்டா? உண்டு / இல்லை. இந்தக் கதை முழுக்க அந்தச் சாய்கோட்டில்தான் தொங்குகிறது.

(மொகாடியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க, ஆனா என்னை ஒல்லியாக்கிடாதீங்க" என்றாள். ஆக்கவில்லை.)

2

தொடக்கம் ஒன்று: அன்று மழை கொட்டிக்கொண்டிருந்த—

(இல்லை. அது ஆகஸ்டு மாதம். இங்கே ஆகஸ்டில் மழை ஏது? புழுதிக் காற்றுதான்.)

தொடக்கம் இரண்டு: படுக்கையில் கிடந்த தாய்க்கு மருந்து வாங்க மொகாடி கடைக்குள் ஓடியபோது—

(இதை இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது, எனக்கே கண் கலங்கியது. ஆனால் அவள் கடைக்குப் போனது சடையில் சேர்த்துப் பின்னுகிற பொய்முடி வாங்க. இரண்டு கட்டு, கறுப்பு ஒன்று, செம்பட்டை ஒன்று. அவள் அம்மா செஷெகோவில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்.)

பாருங்கள், எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் இரண்டு பொய். இத்தனை வருஷம் நான் யாரையெல்லாம் பார்த்துச் சிரித்தேனோ அவர்கள் எல்லோரும் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்.

3

சரி, நடந்தது.

ஒரு சனிக்கிழமை. காலையில் ஒரு அடக்கம். அழுது முடித்தவர்கள் ஆடுவதற்கென்று எங்களூரில் அடக்கத்துக்குப் பிறகு ஒரு விருந்து உண்டு. அதில் மொகாடி வாசித்தாள். பகல் இரண்டு மணிக்குச் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்து, வேனில் கடைசி இருக்கைக்குப் பின்னால் கிடத்தி, மேலே போர்வை போட்டு மூடினாள். அந்தச் சாக்ஸபோனுக்குப் பெயர் மலோமே.*

வழியில் கடைவளாகம். வேனை நிறுத்தினாள். ஒரு கையில் போன், மறு கையில் பையும் ரிமோட்டும். தோளுக்கு மேலே ரிமோட்டை ஒரு அழுத்து அழுத்திவிட்டு நடந்தாள்.

கைப்பிடியை இழுத்துப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் பிறந்த யாரும் செய்யாத தப்பு இது. பக்கத்தில் ஒருவன் இன்னொரு ரிமோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் உங்கள் ரிமோட் சொல்வது வண்டிக்குக் கேட்காது. வண்டி பூட்டாது, நீங்கள் பூட்டியதாக நினைத்துப் போய்விடுவீர்கள். அதனால்தான் இங்கே பாதிரியார் முதல் போலீஸ்காரர் வரை எல்லோரும் அழுத்திய பிறகு ஒருமுறை கைப்பிடியை இழுப்போம். மொகாடி வாரநாட்களில் அந்த வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை கதவை இழுத்துப் பார்க்கிற கை அது. அன்றைக்கு ஒரு தடவை இழுக்கவில்லை.

பதினொரு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கதவுகள் சாத்தியிருந்தன. கண்ணாடிகள் முழுசாக இருந்தன. போர்வை நாலாக மடித்து இருக்கை மேல் வைக்கப்பட்டிருந்தது. மலோமே இல்லை.

வண்டிகளைப் பார்த்துக்கொள்ள மஞ்சள் சட்டை போட்டு நிற்கிற காலோம்போ ஓடி வந்தார். கொங்கோக்காரர். தன் கண்ணெதிரே போய்விட்டதே என்று அவருக்கு முகம் செத்துவிட்டது.

"அம்மா, கோவிச்சுக்கலேன்னா ஒண்ணு சொல்றேன். ஒரு கல்லு போதும்."

"எதுக்குய்யா கல்லு?"

"கண்ணாடிக்கு. இன்சூரன்ஸ்காரன் மொதல்ல அதைத்தான் கேப்பான். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, நானே போட்டுர்றேன். போன மாசம்கூட ஒரு டாக்டருக்குப் போட்டேன்."

"எடுத்துட்டுப் போனவனே போர்வைய மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான். நீ என் கண்ணாடிய ஒடைக்கிறேங்கிற. ரெண்டு பேர்ல யாருய்யா திருடன்?"

காலோம்போ சிரித்துவிட்டாராம். இவளும் சிரித்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே அந்த வேனின் படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இந்த இடத்தை நான் அலங்கரிக்கவில்லை, காலோம்போவே சொன்னது.

* எங்கள் பெடி மொழியில் மலோமே என்றால் தாய்மாமன். விசேஷ வீட்டுக்குக் கடைசியில் வந்து, மெதுவாகத் தொண்டையைச் செருமி, எல்லாச் சண்டையையும் முடித்துவைக்கிற ஆள். அந்தச் சாக்ஸபோனின் குரலும் அப்படித்தான்.

4

(கொஞ்சம் சட்டம் பேசவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வீட்டில் இருக்கும்வரை சாக்ஸபோன் ஒரு வீட்டுச் சாமான், சோபா மாதிரி. ஆனால் அதை வாசித்துப் பிழைக்கிறீர்கள் என்று தெரிந்தால் அது சாமான் இல்லை, தொழில் கருவி. அதற்குத் தனிக் காப்பீடு எடுக்கவேண்டும். மொகாடி எடுத்திருந்தாள். மேடையில் யாராவது தட்டிவிட்டால் உண்டு, பீர் கொட்டினால் உண்டு, மேடையே சரிந்து விழுந்தாலும் உண்டு. வீட்டுக்கும் மேடைக்கும் நடுவில், வண்டிக்குள் இருக்கும்போதுதான் அது அநாதை. வண்டி பூட்டியிருக்க வேண்டும், பொருள் வெளியே தெரியக்கூடாது, உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

வாசிக்கிறவர்களின் வாழ்க்கையில் பாதி அந்த நடுவில்தான் போகிறது என்பது இந்த விதியை எழுதியவருக்குத் தெரியாது. அவர் சோபாவை நினைத்துக்கொண்டு எழுதியிருப்பார்.

5

அவளுடைய குழுவின் தலைவர் ஹென்ட்ரிக், டிரம்பெட்காரர். அவர் மூலம்தான் விஷயத்தின் அவசரம் எனக்குத் தெரிந்தது. என் அலுவலகத்துக்கே வந்து மேஜையைத் தட்டினார். இரண்டு வாரத்தில் மொசாம்பிக்கின் மபூட்டோவில் கச்சேரி. இத்தனை வருஷத்தில் குழுவுக்கு எல்லை தாண்டிக் கிடைத்த முதல் கச்சேரி. கருவி இல்லையென்றால் மொகாடியின் இடத்தில் வேறு ஆள். ஊரில் பாரிட்டோன் கடன் கொடுக்க ஆள் கிடையாது, அந்த எடையைச் சுமக்கிற பைத்தியம் அவள் ஒருத்திதான்.

"நானும் சொன்னேன் சார், ஒடைச்சுட்டுப் போ, ஊரே அப்படித்தான் பண்ணுது, நீ மட்டும் என்ன பிஷப்பான்னு கேட்டேன். அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'பிஷப்பு வண்டியிலயும் கண்ணாடி இருக்கு, போய் அதை ஒடைங்க'ன்னுச்சு."

6

அழைப்பு, திங்கட்கிழமை காலை. பதிவிலிருந்து.

"அக்கா, பதினாலாவது கேள்விக்கு வந்துட்டோம். வண்டியில எதாவது ஒடஞ்சிருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

('நல்லா யோசிச்சுச் சொல்லுங்க' என்பது எங்கள் தொழிலில் கதவைத் திறந்துவிடுவது. புரிந்தவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் பிடித்துப்போன சிலருக்கு மட்டும் திறந்திருக்கிறேன். ஆமாம், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.)

"இல்லண்ணே."

"பூட்டு? கைப்பிடி? எங்கயாவது ஒரு கீறல்?"

"கீறல் இருக்கு. அது கிறிஸ்துமஸ் அன்னிக்கு நானே கேட்டுல இடிச்சது."

"கண்ணாடி, அக்கா. கண்ணாடி."

நான்கு விநாடி மௌனம்.

"அண்ணே, குழுவுல அடிச்சுரம் பிடிக்கிறவ நான். நான் ஒரு மயிரளவு பிசகினா கேக்கறவங்களுக்குத் தெரியாது. ஆனா என் மேல நின்னு வாசிக்கிற எல்லாரும் பொய்யா வாசிப்பாங்க."

(பிரமாதம், இல்லையா? நான் எழுதியது. அவள் இப்படிச் சொல்லவே இல்லை. மூன்று தடவை பதிவைப் போட்டுக் கேட்டேன், எங்காவது இருக்காதா என்று. நான்கு விநாடிக்குப் பிறகு அவள் சொன்னது இவ்வளவுதான்:)

"ஒடையலையே, அண்ணே."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், வரமாட்டேன் என்கிறாளே என்று. போனை வைத்த பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அப்புறம்தான் தெரிந்தது, அது கோபம் இல்லை. யாரையாவது பார்த்து இப்படி மலைத்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

7

இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் சந்தேகம்தான். அதனால் அவளிடம் குற்றம் தேடினேன். ஹென்ட்ரிக்கிடம் வயதில் நாலு குறைத்துச் சொல்லியிருக்கிறாள். ஒத்திகைக்குப் பிந்தினால் டயர் பஞ்சர் என்பாளாம். ஒரே மாதத்தில் ஆறு பஞ்சர்.

என் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப பொய்யே சொல்லாதவ இல்ல. சில பொய் மட்டும் சொல்லாதவ."

"அதுக்கு என்ன பேரு?"

"அதுக்கு மனுஷின்னு பேரு. பொய்யாவே கேட்டுக் கேட்டு உனக்குக் காது கெட்டுப்போச்சு. சாப்பிட வா, பாப் களி ஆறுது."

8

செவ்வாய்க்கிழமை நான் செய்ததைச் சொல்கிறேன். பெருமைக்கு இல்லை. கடைவளாகத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் ஒரு மனுவுக்காக நாற்காலியை விட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை. கேமராப் பதிவை ஏழு நாளில் அழித்துவிடுவார்கள். காவல் அறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

மொகாடி வேனிலிருந்து இறங்குகிறாள். தோளுக்கு மேலே கை போகிறது, அழுத்துகிறாள். இரண்டு வண்டி தள்ளி ஒரு நீலத்தொப்பிக்காரன், பையில் கையை விட்டபடி நிற்கிறான். வேனின் விளக்குகள் சிமிட்டவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தன் வீட்டுக் கதவைத் திறப்பவன் போலத் திறக்கிறான், போர்வையை மடிக்கிறான், பெட்டியைத் தூக்கும்போது மட்டும் முதுகு வளைகிறது.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று அந்தப் படம் காட்டியது. வண்டி பூட்டவில்லை என்றும் அதே படம் காட்டியது. அவளுக்குச் சாட்சி சொன்னதே அவளுக்கு எதிராகவும் சொன்னது.

பூட்ட நினைத்து அழுத்திவிட்டுப் போன வண்டி பூட்டிய வண்டியா, பூட்டாத வண்டியா? இதைப் பற்றி ஐந்து பக்கம் அறிக்கை எழுதினேன். பதினான்காவது கேள்விக்கு வந்தபோது பேனா 'உண்டு' பக்கம் ஒரு நடை போய்வந்தது. அவள் இல்லை என்று சொன்ன இடத்தில் நான் உண்டு என்று போட்டால், அவள் சொன்னதை நானே குப்பையில் போடுவதாக ஆகும். 'இல்லை' என்று போட்டேன். படத்தையும் குரல் பதிவையும் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

9

முடிவு (அ): நிறுவனம் மனமிரங்கி—

(நிறுவனத்துக்கு மனம் இருப்பதாக யாரும் நம்பமாட்டார்கள்.)

முடிவு (ஆ): ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு—

(அவர்கள் போட முன்வந்தார்கள். "மொதல்ல பதில் வரட்டும்" என்று அவள் தடுத்துவிட்டாள்.)

முடிவு (இ): அடகுக்கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் நீலத்தொப்பிக்காரன்—

(மறுபடியும் கண்ணாடி. வேண்டாம்.)

10

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் மாமெலோடி ஜாஸ் சங்கத்தின் கூட்டம். இரண்டு நிறக் காலணியும் தொப்பியுமாக ஆண்கள், மடிப்புக் கலையாத உடையில் பெண்கள், முற்றத்தில் இறைச்சி சுடுகிற புகை. ஹென்ட்ரிக்கின் குழு மேடை ஏறியது. மொகாடியும் ஏறினாள்.

கழுத்தில் மலோமேயை மாட்டுகிற வார். வாரின் கொக்கியில் ஒன்றும் இல்லை.

தன் இடத்தில் போய் நின்றாள். பாட்டு தொடங்கியது. பாரிட்டோன் நுழையவேண்டிய இடம் வந்ததும் வயிற்றிலிருந்து பாடினாள், வாயாலேயே. "பும்... பப்பும்... பும்." முதலில் கூட்டம் சிரித்தது. ஒரு கிழவர் தொப்பியை எடுத்து அவளை நோக்கி ஆட்டினார். அப்புறம் எல்லோரும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். நானும்தான். எனக்கு ஆடத் தெரியாது.

இறங்கி வந்ததும் ஹென்ட்ரிக் சொன்னார்: "வர்ற சனிக்கிழமை மபூட்டோ. வாயால பாடறவங்களை அவங்க கூப்பிடலம்மா. வியாழக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன்."

"சரிண்ணே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பதில் வந்துச்சாண்ணே?"

"வரலையே" என்றேன்.

11

இன்று திங்கட்கிழமை. இன்னும் வரவில்லை.

நான் ஒரு வரி எழுதினால் போதும். 'புதன்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து—' என்று தொடங்கினால் அந்தக் கொக்கியில் ஒரு பாரிட்டோன் தொங்கும், சனிக்கிழமை மபூட்டோவில் அவள் மூச்சை இழுப்பாள். எனக்கும் அதுதான் வேண்டும். என் வேலையைவிட, இந்தக் கதையைவிட அதுதான் வேண்டும். எழுதுகிறவனுக்கு இதில் சிரமமும் கிடையாது. காலோம்போ சொன்னது போல, ஒரு கல் போதும்.

ஆனால் இதை அவளிடம் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி வந்ததும் நிமிர்ந்து பார்ப்பாள். நான்கு விநாடி பேசாமல் இருப்பாள். அப்புறம் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஆகவே, வாசகரே, வரியை எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன்:

.............................................

கல் உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடக்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூட நிற்கிறேன்.