மூன்றாம் தடவை கேட்கும்போது

மகள் அரீபாவின் முக்காட்டின்மேல் தன் நாத்தனார் கைசரின் கை வந்து உட்கார்ந்ததைத் தஹ்மீனா பார்த்துவிட்டாள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். பெண்ணின் சம்மதம் கேட்க வந்த தாய்மாமன் ஷஹாப், "ஜவ்வாதைக் கட்டிக்கச் சம்மதமாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாயிற்று. முக்காட்டுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. மூன்றாம் தடவையும் இப்படியே இருந்தால் அந்தக் கை லேசாக அழுத்தும், தலை குனியும், பெண் சரியென்றுவிட்டாள் என்று எல்லாரும் 'முபாரக்' என வாழ்த்திவிடுவார்கள். அந்த அம்ரோஹா ஊரில் பாதிப் பேருக்கு நிக்காஹ் அப்படித்தான் ஆனது. தஹ்மீனாவுக்கும்தான்.

தஹ்மீனா பேசாமலிருந்தால் அவள் மாமியார், "வாயில தயிரா உறைஞ்சு கெடக்கு?" என்பாள். பேசினால், "உதட்டைத் தைச்சுக்கடி" என்பாள். இரண்டுக்கும் நடுவிலேயே காலம் ஓடிவிட்டது. மகளின் மௌனம் அந்த ரகமில்லை. காலையிலேயே சொல்லியிருந்தாள்: "என் படிப்பை முடிக்க விடுவோம்னு சபையில அவங்க வாயால சொல்லணும். சொல்லலேன்னா நான் வாயே தெறக்க மாட்டேன்மா." முன்பே அதற்கு ஒத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் இன்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஷஹாப் மூன்றாம் தடவை கேட்டார்.

"புள்ளைக்கு வெக்கம்!" என்று சிரித்தபடி கைசர் அழுத்தினாள். தஹ்மீனா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க கைசர் ஆபா. அவ இன்னும் ஒண்ணும் சொல்லல."



"பாம்பு மோந்த மாதிரி வாயடைச்சு உக்காந்திருக்கீங்களே எல்லாரும்?" கைசர் அறையிலிருந்த மற்றப் பெண்கள்மேல் பாய்ந்தாள். "யாராச்சும் இவளுக்குப் புத்தி சொல்லுங்களேன்!"

தஹ்மீனா அண்ணனிடம் திரும்பினாள். "அண்ணே, படிப்பைப் பத்திப் பேசினது என்னாச்சு? சபையில சொல்லச் சொல்லுங்க. அப்புறம் வந்து கேளுங்க."

"அவங்க எந்திரிச்சுப் போயிட்டா?"

"போகட்டும்."

ஷஹாப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். சற்று நேரத்தில் முற்றத்தில் ஆண்களின் சளசளப்பு அடங்கியது.  தஹ்மீனாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை பெரிய சபையை நிறுத்தி வைத்திருக்கிறாளே, என் வயிற்றில் பிறந்தவள்!

அரீபா இரண்டு கையாலும் முக்காட்டை விலக்கினாள். எந்த மணப்பெண்ணும் செய்யாதபடி முகத்தை நிமிர்த்தி, மாமா போன வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.