கடைசியாக உள்ளே விட வேண்டியவன்

1

இந்தக் கதையின் முதல் வரைவில் ஒரு பொய் வைத்திருந்தேன். இப்போது எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தை ஐந்தாம் பகுதியில் காட்டுகிறேன். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தப் பொய்யிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும்.

லாமெக் என் பக்கத்து வீட்டுக்காரன். நண்பன். செங்கா பே என்ற இந்த ஏரிக்கரை ஊரில், அலங்கார மீன்களை ஏரியில் பிடித்து விமானத்தில் அனுப்பும் ஒரு கம்பெனிக்காகப் பதினாறு வருடம் முக்குளித்தான். இடது காது கெட்டது. வேலையை விட்டபோது கீறல் விழுந்த ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். கீறலை அடைத்து, முன்னறையில் வைத்து, பாறைமீன் வளர்த்தான். மீனைத் தின்னும் ஊர் இது. வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு எப்போது எண்ணெய் காயும் என்று கேட்டார்கள்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"காலையில் ம்பெஞ்சிக்காரனுக்கு வால் பாதிதான் இருந்தது."

"வைசன் ஜோகனஸ்பர்க்கிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினான்."

"ஒரு வீட்டில் இரண்டு" (மேலே எழுதவில்லை.)

வால் போன மீனும் வைசன் என்ற மனிதனும் ஒரே மாதத்தில் லாமெக்கின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒன்றைச் சொன்னால் மற்றது அதற்கு உவமையாகிவிடுகிறது. தவிர்ப்பதற்காக வைசனை மூன்று முறை வேறு மாதத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நடந்தது நடந்தபடி இருக்கட்டும். உவமை வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் தரவில்லை.

2

மீன்களுக்கு லாமெக் பெயர் வைக்கவில்லை. பிடித்த தீவைச் சொல்லிக் கூப்பிட்டான். மலேரித் தீவிலிருந்து வந்தவன் மலேரிக்காரன். ம்பெஞ்சித் தீவிலிருந்து வந்தவன் ம்பெஞ்சிக்காரன். இரண்டும் ஆண். இரண்டும் நீலம், மேலே கறுப்புப் பட்டை. மலேரிக்காரன் கொஞ்சம் பெரியவன். தொட்டியில் ஆறு பெண்மீன்களும் இருந்தன. அவை கதைக்குள் வரவில்லை. (வந்திருக்க வேண்டும். வேறு யாராவது எழுதட்டும்.)

இரண்டு ஆணையும் லாமெக் ஒரே தொட்டியில் விட்டான். அந்தத் தவறை ஒரு முக்குளிப்பவன் மட்டும்தான் செய்ய முடியும். ஏரிக்கடியில் ஒரு பாறையை ஒரு மீன் ஆள்வதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். வேறு ஆண் வந்தால் அது துரத்தும். வந்தவன் மணல் பக்கம் போய்விடுவான். நாலு நொடி. அவ்வளவுதான் சண்டை.

"எல்லாம் ஒரே ஏரித் தண்ணி குடிச்சதுங்க, வாத்தியாரே. ரெண்டு நாள் முறைச்சுக்கும். அப்புறம் சரியாயிடும்" என்றான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதால் ஊருக்கு நான் வாத்தியார்.

தொட்டியில் மணல் பக்கம் என்று ஒன்று இல்லை. ஐந்தடி போனால் கண்ணாடி. தோற்றவன் போவதற்கு இடம் இருந்ததால்தான் ஏரியில் சண்டை முடிந்தது. பதினாறு வருடத்தில் இது அவன் கண்ணில் படவில்லை. தோற்ற மீனின் பின்னால் அவன் போனதே இல்லை. பிடிப்பது எப்போதும் ஜெயித்ததைத்தான். அதற்குத்தான் நிறம் அதிகம்.

மூன்றாம் நாள் ம்பெஞ்சிக்காரனின் வால் கிழிந்தது. காற்றுக்குழாய்க்குப் பின்னால், தண்ணீரின் மேல்மட்டத்தில், ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றான். நீலம் போய்ச் சாம்பலாகியிருந்தான். இரைக்காக இறங்கினால் கல்லிடுக்கிலிருந்து மலேரிக்காரன் புறப்படுவான். சத்தம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அறைக்குள் ஒருவன் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான், அறை அமைதியாக இருக்கிறது.

3

வைசன், லாமெக்கின் மனைவி எனெலெசிக்கு அண்ணன். வீடு எனெலெசிக்குத் தாய்வழியில் வந்தது. கல்யாணமானதும் லாமெக் அங்கே வந்தான்.*

* வீட்டோடு மாப்பிள்ளை. இதை நீங்கள் படிக்கும் மொழியில் அது ஒரு கேலி. இங்கே அது ஒரு முகவரி.

வைசன் பதினொரு வருடம் ஜோகனஸ்பர்க்கில் தோட்ட வேலை பார்த்தான். அங்கே அமைத்த குடும்பம் கலைந்தது. திரும்பிவர அவனுக்கு இருந்த ஒரே வாசல் தங்கையின் வாசல். அவன் பிறந்ததும் அந்த வாசலுக்குள்தான்.

சாப்பாட்டுக்கு முன் எனெலெசி குவளையும் கைகழுவும் பேசினும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றுவாள். முதல் தண்ணீர் வீட்டின் பெரிய ஆணுக்கு. விருந்தாளி இருந்தால் விருந்தாளிக்கு. எட்டு வருடம் முதல் தண்ணீர் லாமெக்கின் கையில் விழுந்தது. வைசன் வந்த அன்று வைசனின் கையில் விழுந்தது. அதில் யாருக்கும் குறையில்லை.

விருந்தாளி எத்தனை நாளைக்கு விருந்தாளி என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் ஒரு மதியம் லாமெக் முதலில் கையை நீட்டினான். வைசனும் நீட்டினான். எனெலெசி குவளையைத் தரையில் வைத்துவிட்டு, அவரவர் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி உள்ளே போனாள். சோளக்களி ஆறிக் கல்லாகும்வரை குவளையை யாரும் தொடவில்லை. லாமெக் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன்.

அடுத்தது நாற்காலி. முன்னறையில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான், தொட்டிக்கு எதிரே. வைசன் விடிந்ததும் அதில் உட்கார்ந்துவிடுவான்.

"மச்சான், அது நான் மீன் பாக்கற இடம்."

"பாரேன் மச்சான். கண்ணாடியவா மறைச்சேன்? எங்க மாமா செஞ்ச நாற்காலி இது. நீ வந்தப்ப தலையில தூக்கிட்டு வந்தியா?"

4

லாமெக் என்னென்ன செய்தான்:

கற்களைக் கூட்டினான். ஒளிவதற்கு இடம் அதிகமானது. மலேரிக்காரன் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டான்.

நடுவில் ஒரு கண்ணாடித் தகடு இறக்கினான். இரண்டும் தகட்டின் இரு பக்கமும் நின்று மூக்கு வெளுக்கும்வரை மோதின. ம்பெஞ்சிக்காரனும் மோதினான். அடி வாங்குகிறவன் மோதுவான் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை. தகட்டை எடுத்துவிட்டான்.

கூட்டம் சேர்த்தான். கம்பெனியின் தொட்டிகளில் அப்படித்தான் செய்வார்களாம். நெரிசலில் அடிக்கிறவனுக்கு யாரைத் துரத்துவது என்று தெரியாது, அடி பங்கிடப்பட்டுவிடும். புதிதாக ஐந்து மீன் விட்டான். இரண்டு நாள் நன்றாக இருந்தது.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, காலையிலேயே மின்சாரம் போனது. லாமெக் சலிமா டவுனுக்குப் போயிருந்தான். காற்றுக்குழாய் நின்றது. வைசன் நாற்காலியில் இருந்தான். ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் போதும், காற்று சேரும். மதியத்துக்குள் மூன்று மீன் மிதந்தன.

(மொண்டு ஊற்ற வேண்டும் என்று தனக்குத் தெரியாது என்றான் வைசன். தெரியும் என்றான் லாமெக். எழுதுகிறவனுக்காவது தெரிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். தெரியாது.)

5

அன்று சாயங்காலம் சத்தம் கேட்டு ஓடினேன். முதல் வரைவில் அந்த இடம் இப்படி இருந்தது:

"வைசன் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்தான். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. லாமெக் சுவரோடு ஒட்டி நின்றான்."

கல் உண்மை. சொட்டிய தண்ணீர் உண்மை. சுவரோடு ஒட்டி நின்றது வைசன். கல் லாமெக்கின் கையில் இருந்தது.

கல்லைக் கை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பெயர் இருந்த இடத்தில் இன்னொரு பெயர். லாமெக் என் நண்பன். பாதிக் கதையைச் சொன்னவனும் அவன்தான். அடி வாங்குகிறவன் அவன் என்றால் கதை தடங்கலில்லாமல் ஓடியது. மூன்றாம் பகுதியைத் திரும்பிப் பாருங்கள். முதலில் கையை நீட்டியவன் யார்? நாற்காலியில் முதலில் போய் உட்கார்ந்தவன் யார்? ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வேறு ஆள் தெரிகிறான்.

கல் ஒரு தேங்காய் அளவு. லாமெக் அதைத் தோளுக்கு மேலே தூக்கியிருந்தான். எனெலெசி அடுப்படியிலிருந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அதைத் தண்ணியில வைங்க" என்றாள். "மீனு ஒளிய இடம் தேடுது."

சொட்டுகள் தரையில் விழுந்துகொண்டிருந்தன. அவன் கையை இறக்கியது ஏழாவது சொட்டுக்குப் பிறகு. (எண்ணினேனா? இல்லை. ஆனால் ஏழு என்று எழுதினால் நீங்கள் அதே இடத்தில் நிற்கிறீர்கள்.)

6

புதன்கிழமை ங்கோஸ்வே வந்தார். கல்யாணத்துக்கு ஜவாப்தாரியாக நின்றவரை இங்கே அப்படிச் சொல்வார்கள். எனெலெசிக்கு அவர் தாய்மாமன். டீ குடித்தார். இருவரையும் தனித்தனியே கேட்டார். பிறகு சேர்த்து உட்காரவைத்துச் சொன்னார்: இரண்டு பேரில் ஒருவன் போக வேண்டும். வீடு எனெலெசியுடையது, யார் என்று அவளே சொல்லட்டும். சனிக்கிழமை மதியச் சாப்பாடு வரை நேரம். தான் வரப்போவதில்லை, சாயங்காலம் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்வார்.

லாமெக்குக்கு இந்த ஏரிக்கரையில் வேறு கூரை இல்லை. வைசனுக்கும் இல்லை.

அன்று லாமெக் கடைசி வழியைத் தொடங்கினான். மலேரிக்காரனைப் பிடித்து மூடி போட்ட வாளியில் விட்டு வாசலில் வைத்தான். மூன்று நாள் வாளியில் இருக்க வேண்டும். அதற்குள் தொட்டியின் கற்களை எல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கிவிட வேண்டும். யாருக்கும் எதுவும் சொந்தமில்லாதபடி. மற்ற மீன்கள் இடம் பிடித்த பிறகு, அடித்தவனைக் கடைசியாக உள்ளே விட வேண்டும்.

"ஊரே மாறியிருக்கும். அவன் புது ஆளு. பொத்திக்கிட்டு இருப்பான்" என்று என்னிடம் சொன்னான். நாற்காலியில் வைசன் கேட்டுக்கொண்டிருந்தான். அடுப்படியில் எனெலெசி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

வியாழக்கிழமை வைசன் வாயைத் திறந்தான்.

"மச்சான், உன் ம்பெஞ்சிக்காரன் இப்ப மத்ததைக் கடிக்கிறான். வந்து பாரு."

உண்மைதான். சாம்பலாக இருந்தவன் நீலமாகியிருந்தான். பாதி வாலோடு கல் கல்லாகப் போய்ப் பெண்மீன்களை விரட்டிக்கொண்டிருந்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார்கள்.

(முடிவு ஒன்று: இங்கே நிறுத்திவிடுவது. இரண்டு ஆண்கள், ஒரு கண்ணாடி, தோளோடு தோள். வெள்ளிக்கிழமை காலை வைசனின் செருப்பு கூரைமேல் கிடந்தது. அந்த முடிவு போயிற்று.)

வெள்ளி மதியம் எனெலெசி என் வாசலுக்கு வந்தாள்.

"எங்க வீட்டைப் பத்தி எழுதறீங்களாமே, வாத்தியாரே."

மீனைப் பற்றி என்றேன்.

"உங்க கதையில கல்லு யார் கையில இருக்கு?"

அப்போது இருந்தது முதல் வரைவு. "வைசன் கையில" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. என் கைகளைப் பார்த்தாள்.

"நாளைக்கு சாப்பிட வாங்க. கொஞ்சம் முன்னாடியே வாங்க. சாமான் தூக்க ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் உட்கார்ந்து பெயரை மாற்றினேன்.

7

சனிக்கிழமை காலை லாமெக்கைக் காற்றுக்குழாய் வாங்கி வர அனுப்பினாள். வைசனைப் படகுத்துறைக்குப் பொடிமீன் வாங்க அனுப்பினாள். இருவரும் தெரு திரும்பியதும் வீட்டைக் காலிசெய்யத் தொடங்கினோம்.

கட்டில் அந்த அறையிலிருந்து இந்த அறைக்கு. தண்ணீர்ப் பானை எதிர்மூலைக்கு. பாய்கள், பெட்டி, வைசனின் பை, லாமெக்கின் முக்குளிக்கும் கண்ணாடி, எல்லாமே இருந்த இடத்தில் இல்லை. தொட்டியை அசைக்க முடியாது. அவளே தோள்வரை கைவிட்டுக் கற்களை இடம் மாற்றினாள். ஒரே ஒரு கல்லை வெளியே எடுத்து, கதவு அடிக்காமலிருக்க அண்டைகொடுத்தாள். எந்தக் கல் என்று எனக்குத் தெரியும். மதியத்துக்குள் அது காய்ந்து வெளுத்துவிட்டது.

நாற்காலியை என் தலையில் ஏற்றினாள். இதை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பினார்கள். வாசலில் நின்றார்கள். உள்ளே யாருடைய இடமும் இல்லை. உட்காரத் தெரியாமல் நின்றார்கள். வாளி அவர்கள் காலடியில் இருந்தது. உள்ளே மலேரிக்காரன் மூடியில் ஒருமுறை முட்டினான்.

எனெலெசி குவளையும் பேசினுமாக வந்தாள்.

ஊர் வழக்கப்படி முதல் தண்ணீர் பெரியவனுக்கு. தொட்டியின் வழக்கப்படி அடித்தவன் கடைசி. இரண்டும் அவளுக்குத் தெரியும். வாசலில் நின்ற இருவருக்கும் தெரியும். இன்று முதலில் நனையும் கை வீட்டில் இருக்கும் கை.

நான் விருந்தாளி. அதனால் முதலில் என்னிடம் வந்தாள். இரண்டு கையையும் நீட்டினேன். தண்ணீர் விழவில்லை. குவளை வந்தது.

"பேரை மாத்தி எழுதத் தெரியுதில்ல" என்றாள். "ஊத்துங்க."

பேசினை ஏந்திக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பி நின்றாள்.

முடிவு இரண்டு: லாமெக்கின் கையில் ஊற்றுகிறேன். வைசன் பையைத் தேடுகிறான். அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

முடிவு மூன்று: வைசனின் கையில் ஊற்றுகிறேன். லாமெக் தொட்டியைப் பார்க்கிறான். அதை அவன் தலையில் தூக்கிக்கொண்டு போக (மேலே எழுதவில்லை.)

முடிவு நான்கு: குவளையைத் தரையில் வைத்துவிடுகிறேன். அதை ஏற்கெனவே ஒருமுறை செய்தாகிவிட்டது. களி ஆறியது, வேறு எதுவும் ஆறவில்லை.

நண்பனுக்காக ஒருமுறை கல்லைக் கை மாற்றியவன் நான். அதைத் திருத்திய வேகத்தில் இப்போது அவனுக்கு எதிராகவே சாயக்கூடும். இரண்டு காரணத்தாலும் என் கை இதற்கு உதவாது.

நான்கு உள்ளங்கைகள் நீண்டிருக்கின்றன. யார் முதலில் நீட்டினார்கள் என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். நீங்கள் மீனையும் பார்த்தீர்கள், கல்லையும் பார்த்தீர்கள். இருவரில் எவனும் உங்களுக்கு நண்பன் இல்லை.

குவளை நிறைந்திருக்கிறது. சிந்தாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பிடியை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன்.